மண்டையோட்டுக்குள் ஒரு மணிப்பொறி



நல்ல நாட்டு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளி மண்டையோட்டை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். மூக்கு இருந்த இடத்தில் ஒரு பிளவு. இரு வரிசைப் பற்களும் ஒன்று விடாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன. உச்சந்தலையில் ஒரு வளையம். அந்த வளையத்தில் சங்கிலியைக் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டுக்கொள்ளலாம். இப்போது அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் கீழ்த்தாடையை நகத்தால் மெல்ல நெம்புங்கள். தாடை ஒரு கீலின்மேல் திறந்துகொள்கிறது. மேலண்ணம் இருக்கவேண்டிய இடத்தில் மணி காட்டும் முகப்பு. அதில் ஒற்றை முள். மூளை இருக்கவேண்டிய குழிக்குள் பல்சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் இத்தகைய பொருளை விரும்பி அணிந்தார்கள் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாகவே இருக்கும். என்னிடம் அத்தகைய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவியார் இட்ட முதல் கட்டளை, பூசையறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் அதை வைக்கக்கூடாது என்பதுதான். கபாலத்தைக் கையிலேந்திய இறைவனை மயிலாப்பூரில் தொழுகிறவர்கள்தாமே நாம் என்று வாதாடிப் பார்த்தேன். வாதம் எடுபடவில்லை.

மேல்நாட்டார் இவ்வகைப் பொருள்களுக்கு 'மெமென்டோ மோரி' என்று இலத்தீன் மொழியில் பெயரிட்டனர். மரணத்தை மறவாதே என்பது அதன் கருத்து. நிலையாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துக்கொண்ட மொழியினராகிய நமக்குக் கருத்துப் புதிதன்று. அதைக் கடிகாரமாக்கிச் சட்டையில் தொங்கவிட்டதுதான் புதிது. அவ்வாறு செய்ததற்குத் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு.

ஆதியில் மணிப்பொறிகள் கோபுரங்களில் இருந்தன. கனமான எடைக்குண்டுகள் கீழிறங்குவதால் அவை ஓடின. குண்டைச் சுமந்துகொண்டு யாரும் தெருவில் நடக்க இயலாது. எடைக்குப் பதிலாகச் சுருள்வில்லை வைத்த பிறகே கடிகாரம் மனிதனோடு புறப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் பீட்டர் ஹென்லைன் முதலிய பூட்டுத் தொழிலாளர்கள் இவ்வகைச் சிறு பொறிகளைச் செய்தனர். ஆண்டு பொறிக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் சிறு கடிகாரங்களுள் மிகப் பழமையானது 1530-ஆம் ஆண்டினது. அது மார்ட்டின் லூதரின் நண்பராகிய மெலாங்க்தனுக்கு உரியதாய் இருந்தது, உருண்டை வடிவினது, அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள வால்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சுருள்வில்லுக்கு ஒரு குணம் உண்டு. முறுக்கேற்றியவுடன் வேகமாக இழுக்கும், தளர்ந்துவரும்போது சோர்ந்துவிடும். இதைச் சரிசெய்யக் கூம்பு வடிவில் ஓர் உருளையைச் செய்து, அதன்மேல் நரம்புக் கயிற்றைச் சுற்றினார்கள். சக்கரங்கள் ஒரேயடியாக ஓடிவிடாமல் தடுப்பதற்குக் கிரீடம்போன்ற பல்சக்கரம் ஒன்றும், அதன் பற்களை மாறி மாறித் தடுத்து விடுவிக்கும் இரு சிறு தகடுகள் கொண்ட தண்டு ஒன்றும் அமைத்தார்கள். அந்தத் தண்டோடு சேர்ந்து ஒரு சக்கரம் இங்குமங்கும் ஆடும். ஆனால் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் மயிர்போன்ற மெல்லிய சுருள் அக்காலத்தில் இல்லை. அதை 1675-ஆம் ஆண்டில் கடிகாரத்தில் அமைத்துக் காட்டியவர் டச்சு விஞ்ஞானியாகிய கிறிஸ்தியான் ஹியூகன்ஸ். அதற்கு முந்திய கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி, அரை மணி தவறுவது சாதாரணம். நிமிட முள் வைத்துப் பயனில்லை. ஆகையால் வைக்கவும் இல்லை. உடையவர்கள் வெயிலில் நிழற்கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் விலையுயர்ந்த பொறியைத் திருத்திக்கொண்டார்கள்.

சரியான மணி காட்டாத ஒரு பொருளுக்குப் பெருஞ்செல்வம் கொடுத்தார்கள் என்றால், மணி பார்ப்பதற்காக மட்டும் அதை வாங்கவில்லை என்பது வெளிப்படை. அது ஆபரணம், அந்தஸ்தின் சின்னம், கைவினையின் அற்புதம். ஆகவே அதன் கூட்டை எந்த வடிவில் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரம் தட்டானுக்குக் கிடைத்தது. தூலிப் மலரின் மொட்டு, சிப்பி, சிலுவை, புத்தகம், நாய், சிங்கம் என்று எத்தனையோ வடிவங்களில் செய்தார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் மண்டையோடு.

மற்ற வடிவங்கள் அழகுக்காக வந்தவை. மண்டையோடு மட்டும் காலம் என்னும் பொருளோடு நேரே சம்பந்தப்பட்டது. அந்நாளில் ஓவியர்களும் மண்டையோட்டை விடவில்லை. 1533-இல் ஹோல்பைன் தீட்டிய 'தூதர்கள்' என்னும் ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இரு பெருமக்கள் பட்டும் மென்மயிர் ஆடையும் அணிந்து நிற்க, அவர்கள் காலடியில் ஏதோ கோணலான கறைபோல் ஒன்று தோன்றும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது மண்டையோடு! அதற்கடுத்த நூற்றாண்டில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரும், மீண்டும் மீண்டும் வந்த கொள்ளைநோயும் மண்டையோட்டை மக்களுக்கு மேலும் பழக்கமாக்கின.

இந்தக் கடிகாரங்களில் பல செய்யப்பட்ட இடம் ஜெனீவா. அந்த நகரத்தின் கதை சுவையானது. 1541-இல் அங்கே திரும்பிவந்த சமயச் சீர்திருத்தவாதி கால்வின், ஆடம்பரத்தை அறவே வெறுத்தவர். நகையணிவதற்குக் கட்டுப்பாடு வந்தது. தட்டார்களுக்குத் தொழில் போயிற்று. ஆனால் கடிகாரம் ஆபரணமன்று, பயனுள்ள கருவி என்று சொல்லிக்கொள்ளலாமே! தட்டார்களின் கைத்திறன் அப்பக்கம் திரும்பியது. பிரான்சில் சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிகளுள் கடிகாரத் தொழில் அறிந்தோரும் இருந்தனர். அவர்கள் தங்கள் வித்தையை அந்நகருக்குக் கொடுத்தனர். 1601-இல் ஜெனீவாவில் கடிகாரத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஊர்விட்டு ஊர் போய்த் தொழிலால் வேரூன்றியவர்களின் கதை, வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கும் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. விநோத வடிவக் கடிகாரங்களில் பெயர்பெற்ற ஜெனீவாத் தொழிலாளர்களுள் ஒருவர் ஜான் ரூசோ. 1606-இல் பிறந்து 1684-இல் மறைந்தவர். 'சமுதாய ஒப்பந்தம்' எழுதிய தத்துவஞானி ரூசோவுக்குக் கொள்ளுப்பாட்டனார். அவருடைய மகனும் பேரனுங்கூடக் கடிகாரத் தொழிலாளர்களே. கொள்ளுப்பேரன்தான் பேனாவை எடுத்தார்.

இங்கே ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று சேகரிப்போர் இவற்றை மண்டையோட்டுப் பைக்கடிகாரங்கள் என்கிறார்கள். ஆனால் முதலில் செய்யப்பட்டவை பையில் கிடந்தவையல்ல, தொங்கியவை. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1666-இல் நீண்ட உட்சட்டை அணியும் வழக்கத்தை அரண்மனையில் புகுத்தினார். அந்த உடையின் பைக்குள்தான் கடிகாரம் பிறகு குடிபுகுந்தது. பைக்குள் புகவேண்டிய பொருள் தட்டையாக, வழவழப்பாக இருக்கவேண்டும். மூக்கும் தாடையுமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மண்டையோட்டுக்கு அங்கே இடம் ஏது? அதற்குள் ஹியூகன்ஸின் சுருளும் வந்துவிட்டது. கடிகாரம் உண்மையாகவே மணி காட்டத் தொடங்கியது. வட்ட வடிவம் வென்றது.

அந்த மாறுதலின் விளிம்பில் நின்ற ஒருவரைப்பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இலண்டனில் கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1665-ஆம் ஆண்டு மே மாதத்தில், கைக்கு வந்த கடிகாரத்தை வண்டியில் போகும்போது கீழே வைக்க மனமில்லாமல் பிற்பகல் முழுவதும் நூறு தடவை மணி பார்த்ததாகத் தம் நாட்குறிப்பில் வெட்கத்தோடு எழுதிவைத்தார். அந்த ஆண்டு கோடையில்தான் இலண்டனைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. மனிதருக்கு மண்டையோடு நினைவூட்டுகிறதோ இல்லையோ, புதுக் கடிகாரம் தன்னைத்தான் நினைவூட்டுகிறது.

இனி, இந்த வகைக் கடிகாரங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் அரசி மேரி, 1587-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டவர். அவருடைய தோழியருள் மேரி சீட்டன் என்பவருக்கு அரசி தம் கையால் கொடுத்த பரிசு என்று ஒரு வெள்ளி மண்டையோட்டுக் கடிகாரம் ஸ்காட்லாந்தின் டிக் லாடர் குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்துவந்தது. பிரான்சின் புளுவா நகரத்து மொய்ஸ் என்ற பெயர் அதில் காணப்படுகிறது. நெற்றியில் ஒரு சித்திரம்: அரண்மனைக்கும் குடிசைக்கும் நடுவே மரணதேவன் அரிவாளோடும் மணற்கடிகாரத்தோடும் நிற்கிறான், அவன் கால் இரு வாயில்களுக்கும் பொதுவானது. அதற்கேற்ற ரோமானியக் கவி ஹோரேஸின் வாசகமும் உடன் பொறித்திருக்கிறது. உச்சியின் ஒருபுறம் ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், மறுபுறம் சிலுவைப்பாடு. மண்டைக்குள் ஒரு வெள்ளி மணி கவிழ்ந்திருக்கிறது. அதன் உள்ளேதான் யந்திரம். மணிக்கு மணி சிறு சுத்தி அதைத் தட்டும்.

சிரம் துணிக்கப்பட்ட அரசி, உயிரோடிருந்த நாளில் தோழிக்கு ஒரு சிரத்தைப் பரிசளித்தாள் என்றால், எந்த நாடகாசிரியனும் இதைவிடப் பொருத்தமாகக் கற்பனை செய்ய முடியாது. அதுவே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. இதே வடிவில், மேரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் இருக்கின்றன. காலம் உறுதியாகத் தெரிந்த மண்டையோட்டுக் கடிகாரங்களோ பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரசி மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்து செய்யப்பட்டவை. ஆகவே கடிகார நூல் வல்லார் பலர் இந்தக் கதையை ஐயத்தோடுதான் நோக்குகின்றனர். கதையைச் சொன்னவர்கள் பொய்யர்கள் என்று நான் கருதவில்லை. பொருள் கையில் இருக்கிறது. அதற்குத் தகுந்த ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. மனம் தானே போய் ஒரு பெயரைப் பற்றிக்கொள்கிறது. இந்த மயக்கத்தை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் பணத்தைக் கொடுத்து அறிந்தேன்.

மும்பையில் பழம்பொருள் விற்கும் தெரு ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கடிகாரத்தைக் கண்டேன். பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் உடைந்த கிராமபோன் பெட்டிகளுக்கும் நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கடைக்காரர் அதற்கு முந்நூற்றைம்பது வயது என்றார். "அப்படியானால் இரண்டு முட்கள் எப்படி?" என்று கேட்டேன், அந்த அளவுக்கு அப்போது எனக்குத் தெரியும். "முகப்பைப் பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்றார். சாவி போடும் துளை இல்லையே என்றேன். அதையும் மாற்றியிருக்கிறார்கள் என்றார். எனக்குச் சமாதானமாயிற்று! அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்வது முழு உண்மையாகாது. நான் ஏமாறுவதற்கு அவர் வழிவிட்டார். தீபாவளிச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகை முழுவதும் அங்கே போயிற்று.

கீழ்த்தாடையின் உட்புறத்தில், மிளகில் பாதியளவு, ஒரு பறவையின் உருவம் குத்தியிருந்தது. அதுதான் என்னை முற்றிலும் மயக்கியது. கூட்டைவிட்டுப் பறக்கும் உயிரைக் குறிக்கும் பறவை என்று முடிவு கட்டினேன். அதைப்பற்றி ஒரு கட்டுரையும் எழுதத் தொடங்கி, நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

மாதுங்காவில் ஒரு மாடிப்படியின் கீழே கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஓடாமல் நின்ற என் பொக்கிஷத்தை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடிக் குழலைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு திறந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, இதற்கு என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் குனிந்துகொண்டார்.

"இந்தப் பறவையைப் பார்த்தீர்களா?" என்றேன் பெருமையோடு.

"பார்த்தேன். இது சுவிஸ் சர்க்கார் கோழி, ஐயா" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சுவிட்சர்லாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளிக் கூடுகளைச் சோதித்து முத்திரை இடும் முறை வந்தது. ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி இருந்தால் காட்டுக்கோழி. 875 பங்கு இருந்தால் கரடி. என் கடிகாரத்தில் இருந்தது உயிர்ப்பறவையன்று, வெள்ளியின் தரத்துக்கு அரசாங்கம் கொடுத்த சான்று. முந்நூற்றைம்பது வயது ஒரு நொடியில் நூற்றுச் சில்லறையாகக் குறைந்தது. கட்டுரையின் நான்கு பக்கங்களை அன்றிரவே கிழித்தேன்.

அதன்பின் அவர் பொறுமையோடு ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்; என்றாவது பயன்படலாம். குமிழைத் திருகி முறுக்கேற்றும் கடிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்கு முந்தியதாக இருத்தல் அரிது. அந்த முறையைச் செம்மையாக வகுத்தவர் ஏட்ரியன் பிலிப், காலம் 1840-கள். அச்சுகள் சுழலும் துளைகளில் மாணிக்கக் கல் பதித்திருந்தால் அந்த யந்திரம் 1704-க்குப் பிற்பட்டது. அவ்வாண்டில்தான் ஃபாசியோ என்பவர் தம் கூட்டாளிகளோடு இலண்டனில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். கிரீடச் சக்கரமும் கூம்பு உருளையும் இல்லாமல், ஜார்ஜ் கிரஹாம் 1726-இல் உருவாக்கிய உருளைத் தடுப்பு உள்ளே இருந்தால், பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிடலாம். என் கடிகாரத்தில் குமிழும் இருந்தது, மாணிக்கமும் இருந்தது, உருளைத் தடுப்பும் இருந்தது. போதாக்குறைக்குக் கோழியும் இருந்தது. கூடு, யந்திரம், முகப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஒரே காலத்தவை. எதையும் யாரும் மாற்றவில்லை. மாற்றியிருக்கிறார்கள் என்ற சொல்லொன்றுதான் பின்னால் சேர்ந்தது.

இதைச் செய்த சுவிஸ் தொழிலாளியை நான் பல நாள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அது அநீதி என்று பிறகு புலப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழங்காலப் பொருள்களின் மேல் மேல்நாட்டாருக்கு ஒரு மோகம் எழுந்தது. அந்த மோகத்துக்காக அவர் பழைய மாதிரியில் ஒரு புதுக் கடிகாரம் செய்தார்; சட்டப்படி முத்திரை பெற்றார்; புதியது என்றே விற்றார். அதன் பிறப்புச் சான்று அதன் வாய்க்குள்ளேயே இருந்தது. படிக்கத் தெரியாதவன் நான்.

உண்மையான பழைய பொருளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வதே சேகரிப்பவனுக்கு முதல் பாடம். பதினேழாம் நூற்றாண்டு விநோத வடிவக் கடிகாரங்களைக் காண வாய்ப்புள்ளவர்கள் ஜெனீவாவில் 2001-இல் திறக்கப்பட்ட படேக் பிலிப் காட்சிசாலைக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போக இயலாத நமக்கு ஹைதராபாத்தின் சாலார்ஜங் காட்சிசாலை இருக்கிறது. மணியடிக்கும் பொம்மையைப் பார்க்க ஒவ்வொரு மணிக்கும் அங்கே கூட்டம் கூடும். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு, பல நாட்டுக் கடிகாரங்கள் இருக்கும் அறையில் நிதானமாக நின்று பாருங்கள். எந்தக் காலத்துக்கு எந்த முள், எந்த எழுத்து, எந்தக் கூடு என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் வாழும் நம்மவர்களுக்கு இது ஒரு நாள் பயணந்தான்.

ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. கொல்கத்தாவில் வாழும் தமிழ் நண்பர் ஒருவர் என்னைப்போலவே இந்தப் பைத்தியம் பிடித்தவர். என் கடிகாரத்தைப்பற்றி நான் பெருமையடித்து எழுதிய பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு, நான் கொடுத்ததற்கு இருமடங்கு தருவதாக எழுதினார். அந்தக் கடிதம் பெரியவரின் கடையிலிருந்து நான் திரும்பிய பத்தாம் நாள் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்: மூன்று நாள் பதில் எழுதவில்லை. தீபாவளிக் கடன் நின்றது. நான் எதையும் புதிதாகப் பொய் சொல்லவேண்டியதில்லை. முன்பு அறியாமல் எழுதியதை மறுக்காமல் இருந்தால் போதும். அவரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். மண்டையோடு மேசையின்மேல் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை அவ்வளவு நன்றாகச் சீர்செய்திருந்தார்.

நான்காம் நாள் காலையில் கோழியைப்பற்றி எழுதினேன். குமிழ், மாணிக்கம், உருளை எல்லாவற்றையும் எழுதி, 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் குறிப்பிட்டு, வேண்டுமானால் நான் கொடுத்த விலையில் பாதிக்குத் தருகிறேன் என்று முடித்தேன். இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே எண்ணினேன். பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. தம்மிடம் எட்டு ஆண்டுகளாக ஒரு மண்டையோட்டுக் கடிகாரம் இருப்பதாகவும், அது மேரி அரசி காலத்தது என்று நம்பி அதை யாருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்திருந்ததாகவும், என் கடிதத்தைக் கண்டபின் தாடையைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி இது: "உம்முடையது கோழி, என்னுடையது கரடி. வெள்ளியாவது எனக்குச் சற்று அதிகம்."